பேரிங் போன இன்ஜினுக்கு எந்தப் பாகத்தை நம்பி வாங்குவது?

கேள்வி: என்னுடையது 4 சிலிண்டர் டர்போ டீசல் கார். 1,60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஆயில் விளக்கு மினுக்கியது. ஓரம் கட்டுவதற்குள் அடியிலிருந்து தட்டும் சத்தம் வந்துவிட்டது. இன்ஜினைப் பிரித்துப் பார்த்ததில் 3-ஆவது சிலிண்டரின் கான்ராடு (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) பேரிங் தன் இடத்தில் நிற்காமல் சுற்றிப்போய், கிராங்கில் (இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) கோடு விழுந்திருக்கிறது. மெக்கானிக் மூன்று வழி சொல்கிறார். கார் கம்பெனியின் பெட்டியில் வரும் பாகங்கள். பெயர் பெற்ற தனி உற்பத்தியாளர்களின் பாகங்கள், ஏறக்குறைய பாதி விலை. எல்லாம் ஒரே பெட்டியில் வரும் முழு கிட், நாலில் ஒரு பங்கு விலை. "எல்லாம் ஒரே தொழிற்சாலையில இருந்துதான் வருது, பேர்தான் வேற" என்கிறார். இணையத்தில் தேடினால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது? எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று விலைகள் இருக்கின்றன. ஆனால் பேரிங் ஏன் போனது என்று ஒரு வரிகூட இல்லை. மெக்கானிக் அதைச் சொல்லவில்லையா, நீங்கள் கேட்கவில்லையா என்று தெரியவில்லை. இதற்குப் பதில் கிடைக்கும்வரை எந்தப் பெட்டிக்கும் பணம் கட்டாதீர்கள். காரணம் உள்ளேயே இருந்தால், உலகத்திலேயே சிறந்த பேரிங்கை வாங்கிப் போட்டாலும் அதுவும் பழைய பேரிங் போன வழியிலேயே போகும். நான் பார்த்த இரண்டாம் முறை இன்ஜின் வேலைகளில் பெரும்பாலானவை மட்டமான பாகத்தால் வந்தவை அல்ல. முதல் முறை ஏன் போனது என்று யாரும் தேடாததால் வந்தவை.

நீங்கள் எழுதியதிலேயே ஒரு தடயம் இருக்கிறது. முதலில் விளக்கு, பிறகுதான் சத்தம். அப்படியானால் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சம்ப்பை, அதாவது இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை, கழற்றி, ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் நுனியில் இருக்கும் வலையை, அதாவது ஸ்ட்ரெய்னரை, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதில் கரித்துகள் அப்பியிருந்தால் டீசல் இன்ஜினில் ஒரு பழக்கமான கதை நடந்திருக்கிறது. டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் சரியாக அமராமல் எரிந்த வாயு மேலே கசியும். அந்தச் சூட்டில் ஆயில் வெந்து கரியாகிக் கீழே இறங்கும். கரி வலையை மெல்ல மெல்ல அடைக்கும். டர்போவும் பேரிங்குகளும் ஆயிலுக்குத் தவிக்கும். உங்கள் இன்ஜினில் நடந்தது இதுதான் என்றால், வாங்க வேண்டிய பாகங்களிலேயே முக்கியமானவை அந்த நாலு சின்ன வாஷர்கள். கூடவே இன்ஜெக்டர் உட்காரும் இடத்தையும் சீவிச் சமப்படுத்த வேண்டும். இது எந்த கிட்டிலும் வராது.

வலையில் ரப்பர் மாதிரி சிலிக்கான் துணுக்குகள் இருந்தால், முன்பு யாரோ சம்ப்பை ஒட்டும்போது பசையை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே வந்திருந்தால், புகைவடிகட்டி (டிபிஎஃப்) தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது டீசல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்திருக்கலாம். சமீபத்தில் அளவு கூடியதைக் கவனித்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

அடுத்து, கழற்றிய பேரிங்குகளைத் தூக்கி எறிய விடாதீர்கள். ஒவ்வொரு பேரிங்கும் ஓடு எனப்படும் இரண்டு அரைவட்டத் தகடுகளாக இருக்கும். கான்ராடில் 8 ஓடுகள், கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் ஐந்து உள்ள இன்ஜினானால் அங்கே 10 ஓடுகள். எது எந்த இடத்தில் இருந்தது, எது மேல், எது கீழ் என்று பின்புறம் எழுதி, ஒரு துணியில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். அந்த வரிசை பேசும். எல்லா ஓடுகளிலும் மேல்பூச்சு தேய்ந்து அடியிலிருக்கும் உலோகம் தெரிந்தால் இன்ஜின் முழுவதற்கும் ஆயில் குறைந்திருக்கிறது. 3-ஆவது மட்டும் போய் மற்றவை புதிது போல இருந்தால் அந்த ஒரு ராடு, அந்த ஒரு ஆயில் துளை, அல்லது முன்பு அங்கே கை வைத்தவர் செய்த வேலை என்று தேட வேண்டும். ஓட்டின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம். மேற்பரப்பில் துகள்கள் குத்தி நின்றால் ஆயில் வடிகட்டி தன் வேலையைச் செய்யவில்லை. ஒரு நல்ல மெக்கானிக் இந்த வரிசையைப் பார்த்துக் கால் மணி நேரத்தில் காரணத்தை நெருங்கிவிடுவார். உங்கள் மெக்கானிக் இதில் ஆர்வம் காட்டாவிட்டால், பாகத்தை மாற்றுவதற்கு முன் மெக்கானிக்கை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

இனி அளவு. கிராங்கை, ராடுகளை, போரை (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையை) அளந்து எழுதிய தாள் கையில் இல்லாமல் பாகம் ஆர்டர் செய்யக்கூடாது. எந்த அளவுப் பேரிங், பிஸ்டன் மாற்ற வேண்டுமா, எந்தத் தடிமனில் ஹெட் கேஸ்கட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு) என்பதையெல்லாம் அந்தத் தாள்தான் தீர்மானிக்கும். பிராண்டு பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

இப்போது உங்கள் மெக்கானிக் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. கார் கம்பெனிகள் பேரிங், பிஸ்டன் ரிங், கேஸ்கட் போன்றவற்றைப் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. அதற்கென்றே இருக்கும் உற்பத்தியாளர்களிடம் வாங்குகின்றன. மாலே, கோல்பென்ஷ்மிட், டைடோ, டைஹோ, கிளைகோ போன்றவை பேரிங் உலகத்தில் தெரிந்த பெயர்கள். ரிங்குக்கு கோட்ஸே (Goetze), என்பிஆர், ரிக்கன். கேஸ்கட்டுக்கு எல்ரிங், விக்டர் ரெய்ன்ஸ். வால்வுகளைக் கிராங்கோடு ஒத்து இயக்கும் டைமிங் பாகங்களுக்கு ஐஎன்ஏ, கேட்ஸ், ஐசின். உங்கள் இன்ஜினுக்கு முதலில் பாகம் செய்து கொடுத்த அதே உற்பத்தியாளர் அதையே தன் சொந்தப் பெட்டியிலும் விற்றால், கார் கம்பெனியின் பெட்டிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. சில பாகங்களில் கார் கம்பெனியின் முத்திரை இருந்த இடம் மட்டும் தேய்த்து அழிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அது நல்ல அறிகுறி.

மீதிப் பாதிதான் ஆபத்து. பெயர் பெற்ற ஒரு நிறுவனம் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. கடைக்காரருக்கு முழு வரிசையும் கொடுக்க வேண்டும் என்பதற்காக, தன்னிடம் இல்லாத பாகங்களை வெளியிலிருந்து வாங்கித் தன் பெட்டியில் போட்டு விற்பதும் உண்டு. அதனால் கேஸ்கட்டுக்குப் பெயர் பெற்றவரின் பெட்டியில் வரும் வாட்டர் பம்ப்பை அந்தப் பெயருக்காக மட்டும் வாங்காதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் அதையே தொழிலாகக் கொண்டவரைத் தேடுங்கள். "என் இன்ஜினில் முதலில் வந்த பேரிங் யாருடையது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பழைய ஓட்டின் முதுகிலேயே பதில் பொறித்திருக்கும். கழற்றியதைத் தூக்கி எறியக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில பெட்டிகளில் தரச்சான்றிதழின் பெயரைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். கார் கம்பெனிகளுக்குப் பாகம் கொடுக்கும் தொழிற்சாலைகளுக்கென்று 2016-இல் வந்த ஐஏடிஎஃப் 16949 என்ற தரநிலை மதிப்புள்ளதுதான். ஆனால் அது தொழிற்சாலையின் வேலைமுறைக்குக் கொடுக்கப்படுவது. உங்கள் கையில் இருக்கும் ஓட்டின் தடிமனை யாரும் அளந்து கொடுத்த சான்று அல்ல.

அந்த ஓட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் இன்ஜின் இனி எத்தனை காலம் ஓடும் என்பது அங்கேதான் இருக்கிறது. கடினமான எஃகுத் தண்டை மென்மையான உலோகத்தின்மேல் சுழல விட வேண்டும் என்பது பழைய அறிவு. ஐசக் பாபிட் 1839-இல் மென்உலோகப் பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். ஆயிலில் வரும் நுண்துகள் மென்மையான பரப்பில் புதைந்து, தண்டைக் கீறாமல் போகும். இன்று கார்களில் இரண்டு வகை ஓடுகள் பரவலாக இருக்கின்றன. எஃகு முதுகில் அலுமினியக் கலவை ஏற்றியது ஒன்று. எஃகின்மேல் செம்புக் கலவை, அதன்மேல் மிக மெல்லிய மென்பூச்சு என்று மூன்றடுக்காக வருவது இன்னொன்று. அந்த மென்பூச்சின் தடிமன் 0.02 மி.மீ. அளவில்தான் இருக்கும். அலுமினிய வகை நிதானமான ஓட்டத்துக்கு நீடித்து உழைக்கும். அதிக அழுத்தம் வரும் டர்போ டீசலின் கான்ராடில் மூன்றடுக்கு வகையோ, அதைவிடக் கடினமான பூச்சுள்ள ஓடோ கொடுத்திருப்பார்கள். மேல் ஓடு ஒரு வகை, கீழ் ஓடு வேறு வகை என்றும் இருக்கும். வெடிப்பின் அழுத்தம் முழுவதும் ராடின் பக்கம் இருக்கும் ஓட்டின்மேல் விழுவதால் அதை வலுவாகச் செய்திருப்பார்கள். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டால் விலை உயர்ந்த பேரிங்கும் தாங்காது. சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் வசதி உங்கள் காரில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அப்படிப்பட்ட இன்ஜின் நாளொன்றுக்குப் பல மடங்கு அதிகமாக ஸ்டார்ட் ஆகிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ஆயில் படலம் உருவாவதற்கு முன் ஒரு கணம் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. அதற்காகவே பாலிமர் பூச்சுள்ள ஓடுகள் வருகின்றன. முதலில் அது இருந்திருந்தால் மீண்டும் அதையே போடுங்கள். விலை குறைவான கிட்டில் வரும் ஓட்டில் பெரும்பாலும் இந்த வேறுபாடு எதுவும் இருக்காது. "இந்த மாடலுக்குப் பொருந்தும்" என்று மட்டும் எழுதியிருக்கும்.

பேரிங் பெட்டியைப் பணம் கொடுக்கும் முன் திறந்து பாருங்கள். ஒவ்வொரு ஓட்டின் முதுகிலும் உற்பத்தியாளரின் குறி, பாக எண், அளவு ஆகியவை தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். எதுவும் இல்லாத மொட்டை ஓடு என்றால் அந்தப் பெட்டியை மூடிவிடுங்கள். குறி இருந்தால் உருண்டை முனை மைக்ரோமீட்டரால் ஒவ்வொன்றையும் நடுப்பகுதியில் அளக்கச் சொல்லுங்கள். ஓடு நடுவில் தடிமனாகவும் இரண்டு முனைகளை நோக்கிச் சற்று மெலிந்தும் இருக்கும்படிதான் செய்கிறார்கள். அதனால் கண்ட இடத்தில் அளந்தால் கணக்கு தப்பும். ஒரே செட்டுக்குள், ஒரே வகை ஓடுகளுக்கிடையே 0.01 மி.மீ. வித்தியாசம் தெரிந்தாலே திருப்பிக் கொடுத்துவிடலாம். இது பிடிவாதம் இல்லை. 50 மி.மீ. ஜர்னலுக்கு (பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதி) ஆயில் ஓடும் இடைவெளியே ஏறக்குறைய 0.05 மி.மீ. தான், பல புதிய இன்ஜின்களில் அதைவிடக் குறைவு. அதில் ஐந்தில் ஒரு பங்கை ஓட்டின் பிசகே விழுங்கிவிட்டால் எந்த ஆயிலும் காப்பாற்றாது. சரியான இடைவெளியை உங்கள் இன்ஜினின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது பொதுவான அளவு.

கிராங்குக்கு வருவோம். கோடு விழுந்த ஜர்னலை 0.25 அல்லது 0.50 மி.மீ. குறைத்துத் தேய்த்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் (தடித்த ஓடுள்ள) பேரிங் போடுவது வழக்கம். ஆனால் எல்லாக் கிராங்கையும் தேய்க்க முடியாது. சிலவற்றில் மேற்பரப்பை மட்டும் வேதிமுறையில் கடினமாக்கியிருப்பார்கள். அந்த அடுக்கு மிகவும் மெல்லியது. தேய்த்தால் அடியிலிருக்கும் மென்மையான உலோகம் வெளியே வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கார் கம்பெனியின் பாகப்பட்டியலில் உங்கள் இன்ஜினுக்கு அண்டர்சைஸ் பேரிங் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேய்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வெளியே யாரோ அந்த அளவில் பேரிங் விற்கிறார்கள் என்பது தேய்க்கலாம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. ஜர்னல் நீலம் பாரித்திருந்தால் சூட்டில் உலோகத்தின் குணமே மாறியிருக்கக்கூடும். விரிசல் சோதனையும் கடினத்தன்மைச் சோதனையும் செய்யாமல் அதில் கை வைக்காதீர்கள்.

கிராங்க் தேறாது என்று ஆனால், விலை குறைந்த புதுக் கிராங்கைவிட, சோதித்து அளந்த பழைய ஒரிஜினல் கிராங்கையே நான் வாங்குவேன். பிளாக், கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ராடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அவை வடிவமும் உலோகத் தரமும் முக்கியமான பாகங்கள். அளவில் சரியாக இருந்தால் பழையது என்பதால் குறையில்லை. மாறாக பேரிங், ரிங், சீல், கேஸ்கட், டென்ஷனர் (டைமிங் பெல்ட்டை அல்லது செயினை விறைப்பாக வைப்பது) போன்று தேய்ந்து தீர்வதற்கென்றே இருப்பவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது.

3-ஆவது ராடையும் மறந்துவிட வேண்டாம். பேரிங் சுற்றும்போது ராடின் பெரிய கண்ணையும் (பேரிங் உட்காரும் வட்டத் துளையை) தேய்த்து, சூடாக்கி, வட்டம் கெடுத்துவிடும். பல புதிய இன்ஜின்களில் ராடை ஒரே துண்டாகச் செய்து, பிறகு உடைத்துப் பிரித்திருப்பார்கள். மூடியும் ராடும் அந்த உடைந்த சொரசொரப்பில்தான் ஒன்றோடொன்று கவ்வி உட்காரும். அந்த முகத்தைத் தேய்த்துக் கண்ணைச் சின்னதாக்கும் பழைய முறை இங்கே செல்லாது. வட்டம் கெட்டிருந்தால் ராடையே மாற்றுங்கள், எடை மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து. ராடு போல்ட்டுகள் கட்டாயம் புதியவை.

பிஸ்டன், ரிங் விஷயத்தில்தான் நீங்கள் உண்மையில் மிச்சம் பிடிக்க வாய்ப்பு அதிகம். போர் தேயாமல், கோணாமல், பிஸ்டன் பாவாடையில் (கீழ்ப்பக்கச் சுவரில்) கீறல் இல்லாமல் இருந்தால் பிஸ்டனை மாற்றவே வேண்டாம். முழு கிட்டில் நாலு பிஸ்டன் வருகிறதே என்று நல்ல ஒரிஜினல் பிஸ்டனைக் கழற்றிவிட்டு மட்டமான புதியதைப் போடுவதுதான் நான் பார்த்ததிலேயே வருத்தமான செலவு. டர்போ டீசல் பிஸ்டன் வெறும் அலுமினியக் கட்டி இல்லை. முதல் ரிங் உட்காரும் பள்ளத்தில் நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையம் பதித்திருப்பார்கள். தலைப்பகுதிக்குள் ஆயில் சுற்றி வந்து குளிர்விக்க ஒரு சுரங்கம் இருக்கும். கீழேயிருந்து ஒரு குழல் அதற்குள் ஆயிலைப் பீச்சும். புதிய பிஸ்டனை வாங்குவதாக இருந்தால் பழையதைப் பக்கத்தில் வைத்து, வளையம் இருக்கிறதா, அடியில் ஆயில் துளைகள் அதே இடத்தில் இருக்கின்றனவா, நாலின் எடையும் சில கிராமுக்குள் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். சுரங்கம் இல்லாத பிஸ்டன் மலிவாகத்தான் கிடைக்கும், மேடேறும்போது உருகவும் செய்யும். போரைப் பெரிதாக்க வேண்டி வந்தால் பிஸ்டன் கைக்கு வந்து, அதை அளந்த பிறகே போர் செய்யச் சொல்லுங்கள்.

ஆயில் பம்ப், ஆயில் கூலர், டர்போ மூன்றிலும் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சுற்றிப்போன பேரிங்கின் உலோகத் தூள் ஆயிலோடு எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது. பம்ப் வடிகட்டிக்கு முன்னால் இருப்பதால் அந்தத் தூளை நேராக விழுங்கியிருக்கும். அது புதியதாக வேண்டும், அதுவும் ஒரிஜினல் உற்பத்தியாளருடையதாக. ஆயில் கூலரின் மெல்லிய தட்டுகளுக்கிடையே தங்கிய தூளை எந்தக் கழுவலும் முழுதாக எடுக்காது. மாற்றித்தான் ஆக வேண்டும். கிட்டில் பெரும்பாலும் கூலர் இருக்காது. மெக்கானிக்கும் பெரும்பாலும் சொல்ல மாட்டார். புது பேரிங் போட்ட சில நூறு கிலோமீட்டரில் பழைய தூள் கூலரிலிருந்து இறங்கி வந்து அதைக் கெடுத்த கதைகள் ஏராளம். பிஸ்டனுக்குப் பீச்சும் குழல்கள், ஹைட்ராலிக் லிஃப்டர்கள் (வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் சரிசெய்பவை), பிளாக்கில் ஆயில் ஓடும் பாதைகள் ஆகியவற்றையும் அடைப்பான்களைக் கழற்றி, கம்பித் தூரிகை விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குமேல் சுழல்வது. அதை ஆட்டிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு செய்ய முடியாது. திறந்து பார்க்க வேண்டும். ரீகண்டிஷன் செய்தால் பேலன்ஸ் செய்ததற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள். டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயும் அதைப் பிடிக்கும் துளையுள்ள போல்ட்டும் எப்படியும் புதியவை.

ஹெட் கேஸ்கட்டுக்குப் பெயர் பெற்ற உற்பத்தியாளர் போதும். ஆனால் தடிமன் தப்பக்கூடாது. டீசலில் ஒரே இன்ஜினுக்கு இரண்டு மூன்று தடிமன்களில் கேஸ்கட் வரும். ஓரத்தில் இருக்கும் வெட்டுகள் அல்லது துளைகளின் எண்ணிக்கை அதைக் காட்டும். பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் முகத்தைவிட எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டயல் கேஜால் அளந்து, நாலில் அதிகம் நீட்டியதற்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழையதில் எத்தனை துளை என்று பார்த்து வாங்குவது, ராடோ பிஸ்டனோ மாறாதவரைதான் சரி. எஃகுத் தகடுகளாலான கேஸ்கட்டுக்கு ஹெட்டின் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும், பசை எதுவும் தடவக்கூடாது. ஹெட் போல்ட்டுகள் இழுபட்டு இறுகும் வகை என்றால் ஒருமுறைதான் பயன்படும். அவற்றில் மிச்சம் பார்க்க வேண்டாம். போல்ட் துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் இறுக்கும்போது பிளாக்கே வெடித்துவிடும் என்பதை மட்டும் மெக்கானிக்குக்கு நினைவூட்டுங்கள்.

டைமிங் செயினோ பெல்ட்டோ, டென்ஷனரோடும் வழிகாட்டிகளோடும் முழுத் தொகுப்பாக, ஒரே உற்பத்தியாளரிடமிருந்து. டைமிங் பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப் என்றால் அதுவும் சேர்த்து. 1,60,000 கி.மீ. ஓடிய இன்ஜினில் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

டூப்ளிகேட் பற்றி. பெயர் பெற்ற பிராண்டு என்றால் அதன் போலியும் சந்தையில் இருக்கும். ஹாலோகிராமும் கியூஆர் குறியும் உதவும், ஆனால் அச்சடிப்பவர்கள் அவற்றையும் அச்சடிக்கிறார்கள். குறியை ஸ்கேன் செய்தால் திறக்கும் பக்கம் உண்மையிலேயே உற்பத்தியாளருடைய தளமா என்று முகவரியைப் பாருங்கள். பழைய பாகத்தோடு எடையை ஒப்பிடுங்கள். வார்ப்பின் ஓரங்கள், பொறித்த எழுத்துகளின் கூர்மை ஆகியவற்றைப் பாருங்கள். எல்லாவற்றையும்விட, உற்பத்தியாளர் தன் தளத்தில் விநியோகஸ்தர் என்று பெயர் போட்டிருக்கும் கடையில் பாக எண் எழுதிய ரசீதோடு வாங்குவதே பெரிய பாதுகாப்பு. அதே பாகம் வேறெங்கோ பாதி விலைக்குக் கிடைத்தால் அதை அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் மூன்று வழிகளில் நான் தேர்ந்தெடுப்பது இரண்டாவது, சில இடங்களில் முதலாவது. பேரிங், ரிங், கேஸ்கட், டைமிங், சீல்கள் எல்லாம் அந்தந்தத் துறையின் உற்பத்தியாளரிடமிருந்து. ஆயில் பம்ப், ஹெட் போல்ட், ராடு போல்ட், ஆயில் பிரஷர் சுவிட்ச், இன்ஜெக்டர் வாஷர் ஆகியவற்றை, அசல் உற்பத்தியாளர் யாரென்று உறுதியாகத் தெரியாவிட்டால், கார் கம்பெனியின் பெட்டியிலேயே. முழு கிட் வேண்டாம். அதில் இரண்டொரு நல்ல பாகம் இருக்கலாம். ஆனால் பிடித்ததை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்கள்: நன்றாக இருக்கும் பிஸ்டன், வால்வு, கேம்ஷாஃப்ட்டைத் தொடாமல் விடுவது, தேறாத கிராங்க், ராடுக்குச் சோதித்த பழைய ஒரிஜினல், மேல்மூடிகள், பிராக்கெட்டுகள், குழாய்கள் போன்றவற்றுக்கு விலை குறைந்த பாகம்.

கிராங்கும் தேறவில்லை, ராடும் போனது, டர்போவும் மாற்ற வேண்டும், ஹெட்டிலும் விரிசல் என்று வந்தால் கணக்கு மாறுகிறது. அப்போது ஓடிய வரலாறு தெரிந்த முழு பழைய இன்ஜின் ஒன்றைத் தேடுவது புத்திசாலித்தனம். அதையும் சம்ப்பைக் கழற்றி ஒரு பேரிங்கையாவது பார்த்துவிட்டே வாங்குங்கள்.

மீண்டும் பூட்டியபின் முதல் ஸ்டார்ட்டில் டேஷ்போர்டு விளக்கை நம்ப வேண்டாம். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் முள் உள்ள பிரஷர் கேஜைப் பொருத்தச் சொல்லுங்கள். பூட்டும்போது பேரிங்குகளில் அசெம்ப்ளி லூப் என்ற மசகு தடவியிருக்க வேண்டும். இன்ஜெக்டர்களின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றி, கேஜில் அழுத்தம் ஏறிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்ஜின் சூடானபின் ஐடிலில் அழுத்தம் எவ்வளவு என்று எழுதி வைத்து, கையேட்டின் எண்ணோடு ஒப்பிடுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டரில் ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றுங்கள். கழற்றிய வடிகட்டியை வெட்டி, தாளை விரித்து வெயிலில் பாருங்கள். ரிங் அமரும்போது உதிரும் மிக நுண்ணிய சாம்பல் நிறத் தூள் இருந்தால் கவலையில்லை. செம்பு நிறமோ, கையில் பட்டால் உணரக்கூடிய செதில்களோ தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, அந்தத் தாளின் படத்தையும் பிரஷர் எண்ணையும் எனக்கு அனுப்புங்கள்.